வீட்டுக்குள் ஒரு வானொலி நிலையம்

"எங்கள் வீட்டுக்கு வைஃபை வந்துவிட்டது" என்று இப்போது ஊர்தோறும் சொல்லக் கேட்கிறோம். வந்தது யாது என்று கேட்டால், சுவரில் மாட்டிய சிறிய பெட்டி ஒன்றைக் காட்டுவார்கள். அதற்கு ரௌட்டர் என்று பெயர். தமிழில் திசைவி என்றும் எழுதுகிறார்கள். அதைப் பொருத்த வந்த பணியாளர் அரைமணி நேரத்தில் வேலையை முடித்து, கைப்பேசியில் ஒரு படம் ஓடுவதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதன்பின் அந்தப் பெட்டியைப் பற்றி எழும் ஐயங்களுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியவர்கள், புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் நான் பார்த்த அளவில், பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள்தாம். ஆகவே, மாணவ நண்பர்களே, இவ்வுரையை உங்களை நோக்கியே சொல்கிறேன்.

அந்தப் பெட்டி ஒரு வானொலி நிலையம். அதுவே உங்கள் வீட்டின் வாயிற்கதவும் ஆகும். நிலையத்தை எங்கே நிறுத்துவது, கதவின் சாவியை யாரிடம் கொடுப்பது என்னும் இரண்டையும் வீட்டார் தாமே தீர்மானிக்க வேண்டும். பெட்டியைக் கொண்டுவந்தவர் போகிற போக்கில் தீர்மானித்துவிட்டுச் செல்லும்படி விடலாகாது.

முதலில், பெட்டிக்குள் வருவது என்ன என்று பார்ப்போம். தெருக் கம்பங்களின் வழியாக வந்து சன்னல் ஓரத்துத் துளையில் நுழையும் கறுப்பு வடத்தின் நடுவே, தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழை இருக்கிறது. அதில் ஓடுவது மின்சாரம் அன்று, ஒளி. நமக்கு வரும் செய்தி பெரும்பாலும் 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியிலும், நாம் அனுப்பும் செய்தி 1310 நானோமீட்டர் ஒளியிலும் செல்கின்றன. இவ்விரண்டும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. ஆதலால், ஒன்றும் தெரியவில்லையே என்று இழையின் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தல் கூடாது. இழையைக் கூர்மையாக மடித்தலும் கூடாது. மடிப்பில் ஒளி கசிந்து வீணாகும். பீரோவுக்குப் பின்னால் வடத்தை நெருக்கி மடித்துவிட்டு, வேகம் இல்லை என்று வருந்துபவர்கள் பலர்.

இழை கொண்டுவந்த ஒளியைப் பெட்டி மின்துடிப்பாக மாற்றி, அதிலிருந்து வானொலி அலையை எழுப்புகிறது. வானொலி என்று நான் சொல்வது உவமைக்காக அன்று. 1939-ஆம் ஆண்டில் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் அலையும், உங்கள் வீட்டுப் பெட்டியின் அலையும் ஒரே இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலைகளே. வேற்றுமை அளவில்தான் இருக்கிறது. திருச்சி நிலையத்தின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 9,36,000 அதிர்வுகள். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். ரௌட்டரின் அலை நொடிக்கு 240 கோடி முறைக்கு மேல் அதிர்கிறது. அதன் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அரைச் சாண். பல பெட்டிகளில் 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டாவது அலையும் உண்டு. அதன் நீளம் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆற்றலோ, திருச்சி நிலையத்துக்கு 100 கிலோவாட். நம் பெட்டிக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். அதாவது, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு!

320 மீட்டர் நீளமுள்ள அலைக்குத் திருமயம் கோட்டைக் குன்றும் ஒரு பொருட்டன்று, வளைந்து கடந்துவிடும். அரைச் சாண் அலைக்கு வீட்டுச் சுவரே குன்றாகிவிடுகிறது. ஆயினும் சிற்றலைகள் சுவரை அறவே கடக்கமாட்டா என்பதும் இல்லை. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் நிகழ்த்திய பொதுச் செயல்விளக்கத்தில், அவர் எழுப்பிய அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. போஸ் ஆராய்ந்தவை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் மிகச் சிறிய அலைகள். அந்த வகையில் நம் வீட்டுப் பெட்டி, கடல்கடந்து நெடிய அலைகளை அனுப்பிய மார்க்கோனியைக் காட்டிலும் போஸுக்கே நெருங்கிய உறவினன் எனலாம்.

எந்தச் சுவர் எவ்வளவு தடுக்கும் என்பதை அறிய, நம் மாவட்டத்தின் தென்பகுதியைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை. ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு முதலிய ஊர்களின் நகரத்தார் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளும் வீடுகள் அவை. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த பருத்த சுவர்கள்; சில வீடுகளில் இரும்பு உத்திரங்கள்; கூடத்தில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடிகள். அத்தகைய வீடு ஒன்றில் ரௌட்டரை முகப்பில் மாட்டியிருந்தார்கள். வடம் அந்தப் பக்கம் நுழைந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. திண்ணையில் இருந்தவருக்கு இணைப்பு நிறைந்து கிடந்தது. இரண்டாம் கட்டில் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கோ கைப்பேசியில் ஒரு கோடுகூட நிலைக்கவில்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்க அந்தப் பெண் வாசலுக்கு வந்துதான் அமர வேண்டியிருந்தது.

நான் சொன்ன மாற்றம் எளியது. பெட்டியை வளவின் மூலையில், தூண் ஒன்றின் மேற்பகுதியில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகப் பொருத்தச் சொன்னேன். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறதல்லவா? வெற்றிடத்தில் அலைக்குத் தடை இல்லை. முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளின் தேக்குக் கதவுகளும் தடையாவதில்லை. உலர்ந்த மரம் இவ்வலைகளைச் சிறிதளவே உண்கிறது. ஈரச் சுவரும் நீர்த்தொட்டியும் மிகுதியாக உண்கின்றன. இரும்பும், பின்புறம் வெள்ளிப் பூச்சுள்ள கண்ணாடியும் உண்பதில்லை, திருப்பி எறிந்துவிடுகின்றன. எனவே பீரோவின் மேலும், பெரிய நிலைக்கண்ணாடியின் பின்னும், குளிர்பதனப் பெட்டியின் அருகிலும் ரௌட்டரை வைப்பது தகாது. பெட்டியின் கொம்புகளை, அதாவது ஏரியல்களை, நம்மை நோக்கிச் சாய்ப்பதாலும் பயனில்லை. கொம்பின் பக்கவாட்டில்தான் அலை பரவும். அதன் நுனி நோக்கும் திசையில் மிகக் குறையும். ஒரே தளமுள்ள வீட்டில் கொம்புகள் செங்குத்தாக நிற்கட்டும்.

இவ்வளவு செய்தும் அடுப்படிக்கு எட்டாவிடில், செப்புக்கம்பியாலான லேன் வடம் ஒன்றை அங்குவரை இழுத்து, அதன் முனையில் இரண்டாவது பெட்டியை வைப்பதே நன்று. வடமின்றி அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றுள் மலிவானவை ஒரே அலையில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும் என்பதால் வேகம் பாதியாகும். ஓட்டு வீட்டுக்கும் கீற்று வீட்டுக்கும் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு பெட்டி தாராளம்; அலை தெருவரை போகும். அது வேறொரு கவலையைத் தரும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் வானொலியைக் கேட்பதற்கே உரிமம் வேண்டும்; அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். இன்று ஒலிபரப்பும் பெட்டியையே உரிமமின்றி வைத்திருக்கிறோம். 2005 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட விதிகள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றலுடைய கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்றன. ஆனால் அந்த வரிசை யாருக்கும் தனியுடைமை ஆகாது, பகிர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த வீட்டுப் பெட்டிக்கும், ப்ளூடூத் கருவிக்கும், நுண்ணலை அடுப்புக்கும் அதில் இடம் உண்டு. பொதுக் கிணற்றில் நீர் எடுப்பது போன்ற ஏற்பாடு. பலர் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் வராதோ எனில், வரும். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தீவுகளுக்கிடையே கணினிச் செய்தியை வானொலியில் அனுப்பியபோது இதற்கு ஒரு வழி கண்டனர். இரண்டு செய்திகள் மோதிக்கொண்டால், இரண்டு நிலையங்களும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பவேண்டும் என்பதே அது. வைஃபை அதனினும் நாகரிகமானது. பேசுமுன் பிறர் பேசுகிறார்களா என்று செவிமடுக்கிறது. நாம் செய்யக்கூடியது, நெரிசல் குறைந்த தடத்தைத் தேர்வதுதான். 2.4 வரிசையில் உள்ள தடங்களுள் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை; அண்டை வீட்டார் 6-இல் இருந்தால் நாம் 1-க்கோ 11-க்கோ போகலாம்.

இனிக் கதவும் சாவியும். கருவி என்றால் அது யாரோ ஒரு வல்லுநருக்கு உரியது என்னும் தயக்கம் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது. 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட மண் இது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பது அதைவிட எளிது; விழுந்தாலும் முழங்கால் சிராய்க்காது.

பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஒரு முகவரி இருக்கும்; பெரும்பாலும் 192.168.1.1 என்பது போன்ற எண்வரிசை. பெட்டியோடு இணைந்த கைப்பேசியிலோ கணினியிலோ அதை உள்ளிட்டால், அமைப்புப் பக்கம் திறக்கும். இங்கே இரண்டு கடவுச்சொற்கள் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று, வைஃபையில் சேர்வதற்கானது. மற்றொன்று, இந்த அமைப்புப் பக்கத்தையே திறப்பதற்கானது. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை ஆலை கொடுத்தபடியே விட்டுவிடுவது, அறையைப் பூட்டிச் சாவிக்கொத்தைத் திண்ணையில் போடுவதற்கு ஒப்பாகும். இரண்டையும் மாற்றுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பீர்கள். வீட்டுக்குள் பத்துக் கருவிகள் இருந்தாலும், இணைய உலகத்துக்கு உங்கள் வீடு பொதுவாக ஒரே முகவரியாகவே தெரிகிறது. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே கதவிலக்கம் இருப்பது போல. வந்த கடிதத்தை உள்ளே யாருக்கு உரியது என்று பிரித்துக் கொடுப்பது ரௌட்டரின் வேலை. வெளியே போகும் கடிதத்திலும் அந்த ஒரே கதவிலக்கம்தான் இருக்கும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் முகவரியைத் தொடர்ந்து சென்ற காவல்துறையினர், நவி மும்பையில் குடியிருந்த வெளிநாட்டவர் ஒருவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன. அவர் நெடிது விசாரிக்கப்பட்டார். உண்மையில், பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவர் குற்றமற்றவர் என்பது பின்னரே தெளிவாயிற்று. தெருவரை அலை பாயும் ஓட்டு வீட்டுக்காரருக்கு உள்ள கவலை என்று முன்னே சொன்னேனே, அது இதுதான்.

நம் ஊர்களில் பூட்டு இல்லாத வைஃபை இப்போது அரிது. ஆனால் பூட்டு எத்தகையது? பெரும்பாலோர் தம் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துக்கொள்கிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.2 முறையில், ஒரு கருவி வைஃபையில் சேரும்போது நிகழும் உரையாடலை வெளியில் இருப்பவர் பதிந்துகொண்டு போய், தம் இடத்தில் அமர்ந்து சாவியைத் தேடலாம். நொடிக்குப் பத்து இலட்சம் சாவிகளை ஒரு கணினி முயல்வதாகக் கொள்வோம். நல்ல வரைகலைச் செயலி உள்ள இன்றைய கணினிக்கு இஃது அரிய வேகமன்று. எட்டு இலக்க எண் பத்துக் கோடி வகை. நூறே நொடியில் தீர்ந்துவிடும். 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கக் கைப்பேசி எண்கள் 400 கோடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மாறாக, 2000 எளிய சொற்களை எழுதிய பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சொற்களை எடுங்கள்: உலக்கை, பம்பரம், படகு, சுண்ணாம்பு, குருவி என்பது போல. ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் அதுவே சாவி. இத்தகைய சாவிகள் 320 கோடி கோடி. அதே கணினிக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிடிக்கும். பாட்டிக்கும் நினைவில் நிற்கும். நான் சொன்ன ஐந்தையே வைத்துவிடாதீர்கள். இவ்வுரையைப் படிப்பவர் பலர்.

பெட்டியில் டபிள்யூ.பி.ஏ.3 என்னும் முறை இருந்தால் அதைத் தேர்க. 2018-இல் வந்த அம்முறையில், பதிந்துகொண்டுபோய்ச் சாவி தேடும் வழி அடைபட்டிருக்கிறது. பொத்தானை அழுத்தினாலே சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். விருந்தினருக்கென்று தனிப் பெயரில் ஒரு வைஃபை அமைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. திருவிழாவுக்கு வரும் அத்தை பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால், அவர்கள் ஊர் திரும்பியதும் அதை அணைத்துவிடலாம்.

எஞ்சியிருப்பது பெட்டியின் விளக்குகள். வைஃபை வேறு, இணையம் வேறு என்பதைப் பலரும் உணராததால், எது நின்றாலும் பெட்டியை அணைத்து எழுப்புகிறார்கள். மின்சாரம் போனால் பெட்டி உறங்கும். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட்டே போதும் என்பதால், சிறிய மின்கலப் பெட்டி ஒன்று சில மணி நேரம் அதைத் தாங்கும். மின்சாரம் இருந்தும் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். வீட்டுக்குள் இழை எங்கும் மடங்கவில்லை என்று பார்த்துக்கொண்டபின், குறை தெருவில் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததைக் கண்ட நமக்கு, அது எப்படி அறும் என்று விளக்கவேண்டியதில்லை. அப்போது நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே செய்யத்தக்கது. அந்த நேரத்திலும் கைப்பேசியில் வைஃபைக் கோடுகள் நிறைவாகவே தெரியும். ஏனெனில், உங்கள் வீட்டு வானொலி நிலையம் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியூர்ச் செய்தி மட்டும் அதற்கு வந்து சேரவில்லை.