வீடும் மூச்சு விட வேண்டும்



புதிதாகக் கட்டிய வீட்டுக்கு யாராவது நம்மை அழைத்தால், முதலில் நாம் எதைப் பார்க்கிறோம்? தரையில் பதித்த டைல்ஸைப் பார்க்கிறோம். வாசல் கதவைத் தட்டிப் பார்க்கிறோம். "எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்கிறோம். திரும்பி வரும் வழியில், நாமும் ஒரு நாள் இப்படிக் கட்ட வேண்டும் என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறோம். அதில் தவறில்லை. வேலை நின்றால் வீடும் போய்விடும் என்ற பயத்தோடு லயத்தில் வாழ்ந்தவர்கள் நாம். சொந்த வீட்டு ஆசை எவ்வளவு பெரியது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால், வீட்டைப் பார்ப்பதற்கும் ஒரு கண் வேண்டும். அந்தக் கண் எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் திறந்தது. நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். அவர் ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, தாமானில் நான் கடன் போட்டு வாங்கிய வீட்டுக்கு வந்தார். சின்ன வீடு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அதைப் பெரிதாக்க நினைத்தேன். பின்பக்கம் இருந்த வெற்றிடம் முழுவதையும் கூரை போட்டு மூடி, சமையலறையை நீட்டினேன். சுவரின் மேல்பகுதியில் இருந்த காற்றுத் துளைகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று சிமெண்டு வைத்துப் பூசச் சொன்னேன். வேலை எடுத்தவரும் சொன்னபடி செய்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

அம்மாவின் அறையில் இருந்த ஒரே சன்னல் இப்போது சமையலறைக்குள் திறந்தது. மிளகாய் வறுத்தால் நெடி முழுவதும் அங்கேதான் போகும். சில மாதங்களில் சுவரில் ஈரம் பூத்துக் கறுத்தது. அம்மாவுக்கு இருமல் வந்தது. மருந்து வாங்கிக் கொடுத்தேன். சுவருக்குப் புதுச் சாயம் அடித்தேன். இருமலும் போகவில்லை, கறுப்பும் போகவில்லை. இரவில் விழித்துப் பார்த்தால் அம்மா முன் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.

"என்னம்மா, தூங்கலையா?" என்று கேட்டால், "வீடு நல்லாத்தான் இருக்கு. உள்ளே மூச்சுத்தான் முட்டுது" என்பார். வயதானவர், பழைய இடத்தை மறக்க முடியாமல் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நீல மாளிகையில் ஒரு கேள்வி

அந்த ஆண்டு பள்ளி விடுமுறையில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துச் சென்றார்கள். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றவை என்று வகுப்பில் பாடம் நடத்தியிருந்தேன். ஜார்ஜ் டவுனில், லீத் சாலையில் உள்ள சியோங் ஃபாட் சீயின் நீல மாளிகைக்குப் போனோம்.

சீனாவின் குவாங்டோங் பகுதியிலிருந்து ஏழைச் சிறுவனாக இந்தத் திசைக்கு வந்து, பெரும் வணிகராக உயர்ந்தவர் சியோங் ஃபாட் சீ. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 38 அறைகள், 220 சன்னல்கள், 7 மாடிப்படிகள், வீட்டுக்குள்ளேயே 5 திறந்த முற்றங்கள். 1916இல் அவர் மறைந்த பின் காலப்போக்கில் மாளிகை சீரழிந்தது. பல குடித்தனங்கள் ஒண்டிக்கொண்டன. 1990ஆம் ஆண்டுவாக்கில் பினாங்கைச் சேர்ந்த சிலர் சேர்ந்து அதை வாங்கி, இடிக்காமல், பழைய முறைப்படியே பழுது பார்த்தார்கள். அந்தப் பணிக்கு 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதில் முதலிடம் கிடைத்தது.

நடு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்த நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், இவ்வளவு பெரிய வீட்டுல நடுவுல மட்டும் ஏன் கூரை இல்லை? காசு பத்தலையா?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால், பதில் சொல்லத் தொடங்கிய எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேற மேலே வழி வேண்டும். அது வெளியேறினால்தான் சன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெளிச்சமும் அந்த வழியாகவே இறங்கும். மழை பெய்தால் முற்றத்தில் விழுந்து கால்வாயில் ஓடிவிடும். செட்டிநாட்டு வீடுகளின் நடுவில் முற்றம் வைத்தவர்களும் இதைத்தான் அறிந்திருந்தார்கள். பணம் பத்தாமல் விட்ட இடமல்ல அது; வீட்டின் மூக்கு!

பிள்ளைக்கு விளக்கம் சொல்லிவிட்டேன். என் மனமோ பின்பக்கத்தை மூடிய என் வீட்டில் நின்றது. அத்தனை செல்வம் படைத்தவர் வானத்துக்கு ஐந்து இடம் விட்டிருக்கிறார். நான் இருந்த ஒன்றையும் மூடி, அதற்குப் பணமும் கொடுத்திருக்கிறேன்.

சுண்ணாம்பின் பெருமை

அந்த மாளிகையின் நீல நிறமும் ஒரு பாடம்தான். அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலச் சாயத்தைச் சுண்ணாம்போடு கலந்து அடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவுரிச் சாயம் இந்தியாவிலிருந்து வந்தது. சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. சுவரில் ஏறும் ஈரத்தை அது உள்ளே அடைத்து வைக்காது. மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். பழைய செங்கல் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே சுவரை அரிக்கும். அதனால்தான் பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பவர்கள் சுண்ணாம்பையே நாடுகிறார்கள்.

இந்தக் கலையில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் 1861ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கட்டினார்கள். அதன் சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுனாம்' என்ற சாந்து. நம் 'சுண்ணம்' என்ற சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் 'சுனாம்' ஆயிற்று. சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தார்கள். பூசிக் காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். பெயர் தெரியாத அந்தக் கைகளின் வேலை இன்றும் பேசப்படுகிறது.

திரும்பும் வழியில்

பேருந்தில் திரும்பும்போது பழைய கம்பத்து வீடுகளைப் புதுக் கண்ணோடு பார்த்தேன். தூண்களின் மேல் நிற்பதால் அடியில் காற்று ஓடும். வெள்ளம் வந்தாலும் தாங்கும். சன்னல்கள் தரைவரை நீண்டிருப்பதால், பாயில் படுத்திருப்பவருக்கும் காற்று கிடைக்கும். சுவரின் மேலே செதுக்கிய பூ வேலைப்பாடு அழகுக்கு மட்டுமல்ல; அதன் துளைகள் வழியே வெப்பம் வெளியேறும்.

நான் பிறந்த லயமும் தூண்களின் மேல் நின்ற பலகை வீடுதான். லயம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தகரக் கூரையின் வெக்கையும், அடுத்த வீட்டுப் பேச்சு அப்படியே கேட்கும் மெல்லிய பலகையும், தண்ணீர்க் குழாயடிச் சண்டையும் நமக்குத் தெரியும். ஆனால் பலகை இடுக்குகளிலும் முன் வாசலிலும் காற்று இருந்தது. அம்மா அந்தக் காற்றைத்தான் தேடி வாசற்படிக்குப் போயிருக்கிறார். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிட்டேன்.

நீங்கள் வீட்டைத் திருத்துமுன்

வாசகர்களே, வீட்டில் கைவைக்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள்.

நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்கள் ஓர் அளவு சொல்கின்றன. ஓர் அறையின் சன்னல் பரப்பு, தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. காற்று தடையின்றிப் போக 5 விழுக்காடாவது திறக்க வேண்டும். 10 அடிக்கு 10 அடி அறை என்றால் 100 சதுர அடி. சன்னல் 10 சதுர அடி இருக்க வேண்டும், அதில் 5 சதுர அடி திறக்க வேண்டும். அந்தச் சன்னல் வெளிக்காற்றைப் பார்க்கட்டும். சமையலறையைப் பார்க்க வேண்டாம்.

பின்பக்கத்தை நீட்டுவதானால் ஒரு பகுதியையாவது வானத்துக்கு விடுங்கள். சுவரில் ஈரம் கண்டால் சாயத்தால் மறைக்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள். வேலை தொடங்குமுன் நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ வரைபடம் கொடுத்து அனுமதி பெறுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கப்போகும் பெரியவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் வேறொருவரை அழைத்து, அம்மாவின் சன்னலுக்கு வெளியே இருந்த கூரையைக் கழற்றி அந்த இடத்தை வானம் பார்க்க விட்டேன். நடுவில் சுவர் வைத்துச் சமையலறையைப் பிரித்தேன். கூரைத் தாழ்வாரம் ஒழுகிய இடமும் அப்போதுதான் தெரிந்தது, அதை அடைத்தோம். மூடிய காற்றுத் துளைகளையும் திறந்தோம். சமையலறை சிறுத்துவிட்டது. வந்தவர்கள், "ஏன் இடிச்சிட்டீங்க?" என்று கேட்டார்கள்.

கறுப்பு மறைந்தது. இருமலும் மெல்லக் குறைந்தது. இப்போது அந்த நான்கடி வெளிச்சத்தில் அம்மா கறிவேப்பிலைச் செடி ஒன்று வைத்திருக்கிறார். வாசற்படியில் உட்காரும் பழக்கத்தை மட்டும் இன்னும் விடவில்லை. ஆனால், தூக்கம் வந்தால் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்.