தெறித்து வரும் சமிக்ஞையும் கரைசேர வேண்டிய எச்சரிக்கையும்

1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைப் பலிகொண்டது. நடுக்கடலில் உருவாகும் புயலை அளந்தறிய இன்றுள்ள வசதிகள் அன்று இருக்கவில்லை. அவ்வசதிகளுள் ஒன்றை, எமது கடற்றொழிலாளர் திசையறியப் பயன்படுத்தும் ஜிபிஎஸ் செய்மதிகளே இன்று வழங்குகின்றன என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

இதன் தத்துவம் எளிதானது. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்ப்போருக்கு அது புரியும். நீர் அசையாதிருக்கையில் நிலவு ஒரு வட்டமாகத் தெரிகின்றது. காற்று எழுந்ததும் அவ்வட்டம் உடைந்து நீண்ட ஒளிக்கோலமாகச் சிதறுகின்றது. ஜிபிஎஸ் சமிக்ஞைகளும் கடலில் பட்டு இவ்வாறே தெறிக்கின்றன. அவை சிதறும் அளவைக் கொண்டு கடற்பரப்பின் கொந்தளிப்பும், அதிலிருந்து காற்றின் வேகமும் கணிக்கப்படுகின்றன. ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் அலைநீளமுடைய இச்சமிக்ஞைகள் முகிலையும் கடும் மழையையும் ஊடுருவ வல்லவை. எனவே புயலின் உட்பகுதியில் வீசும் காற்றையும் அறிய முடிகின்றது.

இந்நோக்கத்துடன் அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2016 டிசம்பரில் சிக்னஸ் எனும் எட்டுச் சிறு செய்மதிகளை ஏவியது. எமது கடலையும் உள்ளடக்கிய வெப்பவலயமே அவற்றின் களம். ஒவ்வொன்றும் 30 கிலோவுக்கும் குறைந்த எடையுடையது. சமிக்ஞையை அனுப்பும் கருவி தேவையின்றி, வாங்கும் கருவி மட்டுமே போதுமென்பது இச்சிக்கனத்துக்கு ஒரு காரணம். 2019 ஜூனில் தாய்வானும் அமெரிக்காவும் இணைந்து ஏவிய ஆறு கொஸ்மிக்-2 செய்மதிகளோ, வளிமண்டலத்தினூடாக வரும் சமிக்ஞை வளைவதை அளந்து வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அறிய உதவின.

ஆயினும் அளவீடு மட்டும் உயிர்காக்காது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இந்நாட்டில் 600 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. விண்ணில் திரட்டப்படும் தரவு எதிர்வுகூறலாக மாறி, தெளிந்த தமிழில், வாகரை முதல் களுவாஞ்சிகுடி வரையுள்ள வள்ளக்காரரின் காதுகளை உரிய வேளையில் எட்டவேண்டும். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கூறுவதையே அயற்கிராமத்துக் கோவில் ஒலிபெருக்கியும் அதே வேளையில் கூறவேண்டும். இதற்கான ஒழுங்கை அதிகாரிகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் மாரி தொடங்குமுன்னரே செய்துவைக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். ஒரே வாவியின் கரைகளில் வாழும் இரு சமூகங்களுக்கும் வரும் புயல் ஒன்றே.