எந்தக் குண்டூர் என்று கேட்பவர்

இணையத்தில் ‘குண்டூர்’ என்று தேடிப் பாருங்கள். ஆந்திர நகரம் வரும், மிளகாய் மண்டி வரும், ஒரு தெலுங்குப் படமும் வரும். கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான குண்டூர் நாட்டைப் பார்க்க வெகுவாகக் கீழே இறங்க வேண்டும். அங்கே வாழும் பழங்குடியினர் மலையாளிகள். அந்தப் பெயரைத் தேடினால் கேரளத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் மலைமக்களுக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதைத் தெரிந்தவர்தான் திருத்தித் தேட முடியும்.

தேடுபொறி இதில் தவறு எதுவும் செய்யவில்லை. எந்தப் பக்கத்துக்கு நிறைய இணைப்புகள் இருக்கின்றனவோ, எதை நிறையப் பேர் தேடுகிறார்களோ, அதை முன்னால் வைப்பது அதன் இயல்பு. பெருநகரத்தோடு மலையூர் போட்டியிட்டால் மலையூர் பின்தங்கத்தான் செய்யும். இணையத்தில் ஏறாத தாளையோ அதனால் காட்டவே முடியாது.

இதே சொல்லோடு ஒரு நல்ல நூலகரிடம் போனால் அவர் முதலில் திருப்பிக் கேட்பார்: “எந்தக் குண்டூர்? எதுக்காகப் பாக்குறீங்க?” பள்ளிக்கூடக் கட்டுரையா, சாதிச் சான்றிதழுக்கு ஆதாரமா, நிலப் பிரச்சினையா, போட்டித் தேர்வா என்று தெரிந்த பிறகே அலமாரிப் பக்கம் நகர்வார். நூலகவியலில் இப்படிக் கேட்டறிவதைத் தனித் திறனாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நேரத்தை மிச்சப்படுத்துவது வேகம் மட்டும் என்று நாம் இப்போது நினைத்துக்கொள்கிறோம். தவறான பத்தாயிரம் விடைகள் நொடியில் வந்தாலும் நேரம் வீண்தான்.

கொல்லிமலையின் பழைய செய்திகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானதே 1997இல்தான். அதனால் ‘நாமக்கல் மாவட்டம்’ என்று தேடுகிறவருக்குப் பழைய ஆவணங்கள் எளிதில் அகப்படாது. 1883இல் லெஃபனு தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டைப் பார்க்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார், அதில் நான்காவதை எடுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இவை ஆங்கிலேய அதிகாரிகள் வெளியிலிருந்து பார்த்து எழுதியவை, அவர்களுடைய தீர்ப்புகளை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று எச்சரிக்கவும், இன்னும் பின்னே போக வேண்டுமானால் புறநானூற்றில் வன்பரணர் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய பாட்டுகளை உரையோடு படியுங்கள் என்று வழிகாட்டவும் அதே ஆள் வேண்டும்.

லெஃபனுவும் தர்ஸ்டனும் இணையத்திலேயே காசில்லாமல் படிக்கக் கிடைக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெயர் தெரிந்தவருக்கே அந்தக் கதவு திறக்கிறது. பெயரைச் சொல்லித் தருவதுதான் நூலகரின் வேலை. அந்த வேலையை இணையம் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழுக்கு இணையத்தில் கிடைத்திருக்கும் நல்ல செல்வமும் நூலக உழைப்பால் வந்ததே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். ஈழத்து எழுத்துகளைக் காக்க 2005இல் நூலகம் திட்டம் பிறந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அப்படித்தான். ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பொருள் என்று யாரோ பொறுமையாகப் பதிந்து வைத்ததால்தான் இன்று நமக்கு அது அகப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொல்லிமலை என்றதும் கைப்பேசியில் வந்து குவிபவை சித்தர் கதைகளும், எல்லா நோயையும் தீர்க்கும் என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளும்தான். அந்தக் காணொளிகளில் பலவற்றுக்கு விற்க ஒரு சரக்கு இருக்கிறது. நூலகருக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை. உடம்பு சரியில்லாமல் அலைமோதும் ஒரு குடும்பத்துக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது!

மலையில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, அங்கெல்லாம் நூலகம் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி நியாயமானது. மன்னார்குடிப் பக்கம் 1931இலேயே கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். கட்டடம் போக முடியாத இடத்துக்கும் புத்தகமும் ஆளும் போகலாம் என்பதற்கு அதுவே சான்று. இன்று தமிழக அரசின் நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்துக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோகிறார்கள்.

பொது நூலகங்களுக்கான பணத்தைக் கொடுப்பது யார்? நாம்தான். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆகவே புத்தகம் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பது ஆகாது. அடுத்த முறை ரசீது வாங்கும்போது அந்த நூலக வரியைப் பாருங்கள். பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஊருக்கு எட்டுகிற தூரத்தில் நூலகம் இல்லையென்றால், இருந்தும் நூலகர் இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போடுங்கள்.