நன்றிக்கும் ஒரு கணக்கு உண்டு

என் தம்பி மகள் ஓர் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராகப் பணியாற்றுகிறாள். சில மாதங்களுக்கு முன்பு இரவுப் பணி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவள், காபி ஆறும்வரை பேசாமல் அமர்ந்திருந்தாள். பிறகு, "பெரியப்பா, இப்போதெல்லாம் நோயாளியின் முகம் நினைவில் நிற்பதில்லை; படுக்கை எண்தான் நிற்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்றாள்.

"எத்தனை பேருக்கு இந்த இடம் கிடைக்கும்? கிடைத்ததற்கு நன்றியோடு இரு" என்றேன். அவள் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டாள். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது.

அவள் சொன்னது வெறும் சலிப்பு அன்று. பணியில் மனம் எரிந்து தீரும் இந்நிலையை 1974-இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் விவரித்தார். அதை அளக்கும் வினாப்பட்டியலை 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்டனர். உணர்வு வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகக் காண இயலாமை, தன் உழைப்பால் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். முகம் மறைந்து படுக்கை எண் நிற்பது இவற்றுள் இரண்டாவது.

நான் வழங்கியது நன்றியுணர்வு அன்று, ஒப்பீடு. பிறருக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது என்று சொல்வது, களைத்தவர் தலையில் ஒரு கடனையும் ஏற்றுவதாகும். நன்றி என்பது கிடைத்த உதவியைக் கண்டறிவது. வள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என்று அதிகாரத்துக்குப் பெயரிட்டதில் 'அறிதல்' என்ற சொல்லே முக்கியம்.

ஆனால், அறிவது எளிதன்று. ஒரே அளவு ஆதாயத்தைவிட இழப்பே மனத்தில் கூடுதலாகக் கனக்கும் என்பதை டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினர். பொருளாதாரம் கற்பித்த எனக்கு இது பாடம், அவளுக்கு அன்றாடம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தவர் அவள் கண்ணெதிரில் இறக்கிறார். பிழைத்தவரோ பொது வார்டுக்கு மாற்றப்படுகிறார். அவர் எழுந்து நடந்து வீடு திரும்புவதை அவள் பார்ப்பதே இல்லை. செலவுப் பக்கம் மட்டும் எழுதப்படும் பேரேட்டில் எஞ்சுவது நட்டமாகத்தானே தெரியும்?

நன்றிக் குறிப்பு எழுதும் பழக்கம் விடுபட்ட வரவுப் பக்கத்தை நிரப்புகிறது. ஹாங்காங் மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினர் வாரம் இருமுறையாக நான்கு வாரங்கள் இவ்வாறு எழுதினர். அவர்களிடம் மன அழுத்தமும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை.

எழுதுவது பொதுவாக இருக்கக் கூடாது. 'எல்லாருக்கும் நன்றி' என்பது எவருக்கும் நன்றியன்று. விடியற்காலை மூன்று மணிக்கு ரத்த அழுத்தம் சரிவதை முதலில் கவனித்த செவிலியர், சொல்லாமலே தளத்தைத் துடைத்து வைத்த பணியாளர், தன் இட்லியில் பாதியைப் பகிர்ந்த சக மருத்துவர் என்று ஆளும் செயலும் தெரிய எழுத வேண்டும். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்தை நான்காகப் பகுத்தவர் வள்ளுவர். சுமை தன் தோளில் மட்டும் இல்லை என்பதை இக்குறிப்பு நினைவூட்டும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நாட்குறிப்பு உறக்கத்தைத் தராது. காலிப் பணியிடத்தை நிரப்பாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணி எரிவை நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. இளநிலை உறைவிட மருத்துவரின் பணி சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 1992-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. அதை நடைமுறையில் காக்காமல், ஜூலை முதல் நாளில் மட்டும் மருத்துவர்களுக்கு வாழ்த்துச் சொல்வது நன்றி ஆகாது. ஓய்வு என்ற நிலுவையைப் புகழுரையால் தீர்க்க முடியாது.

அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். இதையெல்லாம் சொல்லி, ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தேன். வேலையில் நீடிப்பதா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவள் உரிமை. ஆனால், சென்ற வாரம் வந்தபோது ஒரு மூதாட்டியைப் பற்றிப் பேசினாள். படுக்கை எண்ணைச் சொல்லவில்லை; பெயரைச் சொன்னாள்.