இரு மொழி அறிந்த இளையோரும் ஆங்கிலம் கற்பிக்கும் தொண்டும்

பாடசாலைக் கல்வியை நிறைவு செய்தபின், பல்கலைக்கழகம் புகுவதற்கு முன்னர் சில மாதங்களை வேறொரு நாட்டில் தொண்டு செய்து கழிக்கும் வழக்கம் மேலைநாட்டு இளையோரிடையே நீண்டகாலமாக நிலவி வருகின்றது. அவ்வாறு செல்வோரில் பலர் தெரிவு செய்யும் பணி ஆங்கிலம் கற்பித்தலாகும். புலம்பெயர்ந்து வாழும் எம்மவரின் பிள்ளைகளும் இதற்கு விதிவிலக்கல்லர். கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்து, வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் பேசி வளர்ந்த பதினேழு, பதினெட்டு வயதினர், விடுமுறைக்குப் பெற்றோரின் ஊருக்கு வரும்போது அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க விரும்புகின்றனர். வளைகுடா நாடுகளில் ஆங்கிலமொழிப் பாடசாலைகளில் கற்ற முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளிடமும் இவ்விருப்பம் காணப்படுகின்றது. ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பாடசாலை மாணவர் ஒவ்வொருவரும் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணித்தியாலச் சமூக சேவையை நிறைவு செய்ய வேண்டும் என்ற விதி 1999 முதல் நடைமுறையில் இருந்து வந்துள்ளது. தொண்டு என்னும் எண்ணம் அப்பிள்ளைகளின் மனதில் இளமையிலேயே விதைக்கப்பட்டு விடுகின்றது.

நல்ல எண்ணத்தைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆயினும், ஆசிரியப் பயிற்சியோ சான்றிதழோ இல்லாத ஓர் இளைஞர், இரு மொழிகள் தெரியும் என்ற ஒரே தகுதியுடன் வகுப்பறைக்குள் நுழையலாமா என்ற கேள்வி எழுகின்றது. ஆசிரியரின் துணையாக நுழையலாம். ஆசிரியராக நுழையலாகாது என்பதே எமது கருத்தாகும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரியது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு சொல்லும் பாடம்

இளையோர் கற்பிப்பது எமது சமூகத்துக்குப் புதிய விடயமன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளைய பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தமை யாவரும் அறிந்ததே. 1789 ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நிர்வகித்த ஸ்கொட்லாந்துக்காரரான அன்ட்று பெல், மணலில் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தமது பள்ளியிலும் கைக்கொண்டார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797 இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக இது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவியது.

ஆனால், பிள்ளைகள் மனனம் செய்வதற்கு அப்பால் இம்முறை அதிகம் உதவவில்லை. எனவே 1846 இல் இங்கிலாந்து மாணவ ஆசிரியர் முறையை ஏற்படுத்தியது. பதின்மூன்று வயதில் சேர்பவர் தலைமையாசிரியரின் கீழ் ஐந்தாண்டுகள் பயில வேண்டியிருந்தது. பாடம் தெரிந்திருப்பது வேறு, அதனைக் கற்பிக்கத் தெரிந்திருப்பது வேறு என்பது அப்போதே உணரப்பட்டு விட்டது.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே பாடம் மீண்டும் கற்கப்பட்டது. 1958 இல் அலெக் டிக்சன், மோரா டிக்சன் தம்பதியர் பிரித்தானியாவில் தொடங்கிய வி.எஸ்.ஓ. எனப்படும் வெளிநாட்டுத் தொண்டர் சேவை, தொடக்கத்தில் அனுப்பியது பாடசாலையை விட்டு வெளியேறிய இளைஞர்களையே. உணவும் உறைவிடமும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் பெற்றுக்கொண்டு அவர்கள் ஆங்கிலம் கற்பித்தனர். சில ஆண்டுகளுக்குள், 1962 இல், அவ்வமைப்பு பட்டதாரிகளின் பக்கம் திரும்பியது. 1980 ஆகும்போது பயிற்சி பெறாதோரை அனுப்புவது முற்றாகக் கைவிடப்பட்டிருந்தது. இளையோரின் ஆர்வத்தையே மூலதனமாகக் கொண்டு தொடங்கிய அமைப்பே இம்முடிவுக்கு வந்தது என்பது கவனத்திற்குரியது.

இருமொழியாளரின் பலம்

இவ்வாறு கூறுவதால் இருமொழி அறிவுக்கு மதிப்பில்லை என்று கொள்ளலாகாது. உண்மையில், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருவரிடம் இல்லாத பலம் இப்பிள்ளைகளிடம் உண்டு.

'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழுமையான வாக்கியம். ஆங்கிலத்தில் அதனை 'ஹீ இஸ் எ டீச்சர்' என்று சொல்ல வேண்டும். இதில் வரும் 'இஸ்', 'எ' ஆகிய இரண்டுக்கும் ஈடாக அத்தமிழ் வாக்கியத்தில் எச்சொல்லும் இல்லை. எமது மாணவர் அவற்றை விட்டுவிடுவது கவனக்குறைவால் அன்று. தாய்மொழியின் அமைப்பினாலேயே ஆகும். அவ்வாறே, 'பூனை எலியைப் பிடித்தது' என்பதை 'எலியைப் பூனை பிடித்தது' என மாற்றினாலும் பொருள் மாறுவதில்லை. பிடிபட்டது எலியே என்பதை 'ஐ' உருபு காட்டிவிடுகின்றது. ஆங்கிலத்திலோ சொற்களின் இடம் மாறினால் எலி பூனையைப் பிடித்ததாகிவிடும். தமிழில் 'பின்' என்று ஒரே விதமாக எழுதப்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களில் ஒன்று குண்டூசியையும் மற்றையது குப்பைத்தொட்டியையும் குறிக்கும். எமது எழுத்தில் அவ்விரு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து இருப்பதால் பிள்ளையின் காதும் அவற்றைப் பிரித்தறியச் சிரமப்படுகின்றது.

இவற்றையெல்லாம் பிள்ளையின் மொழியிலேயே விளக்கக்கூடியவர் இரு மொழிகளும் அறிந்தவர் மட்டுமே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராகப் பணியாற்றிய சுரேஷ் கனகராஜா, 1999 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட தமது நூலில் யாழ்ப்பாண ஆங்கில வகுப்பறைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று கருதப்பட்ட வகுப்புகளிலும் ஆசிரியரும் மாணவரும் தேவையான இடங்களில் தமிழைப் பயன்படுத்தி வந்ததையும், அதனால் கற்றலுக்குப் பயன் விளைந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். வெளிநாட்டு உதவியாகக் கிடைத்த அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் தமிழ்த் திரைப்பட வசனங்களையும் போர்க்காலச் சின்னங்களையும் வரைந்து வைத்திருந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். நூலில் காணப்பட்ட வாழ்க்கைக்கும் தமது வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்பதை அம்மாணவர்கள் தமது வழியில் வெளிப்படுத்தினர் எனலாம். வெளிநாட்டிலிருந்து வரும் இளையோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

மற்றொரு பலமும் உண்டு. எமது நாட்டில் ஆங்கிலம் அச்சத்தோடு சேர்ந்தே கற்கப்படுகின்றது. சிங்கள மாணவர்கள் அதனைக் 'கடுவ', அதாவது வாள், என்று அழைப்பதுண்டு. தெரிந்தவர் தெரியாதவரை வெட்டி வீழ்த்தும் ஆயுதம் என்பது அதன் உட்பொருள். இந்நிலையில், ஏறத்தாழத் தனது வயதையொத்த ஒருவர் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவதைக் காணும் மாணவருக்குத் தானும் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசலாம் என்ற துணிவு பிறக்கின்றது. வந்தவரின் தமிழை இவர் திருத்த, இவரது ஆங்கிலத்தை அவர் திருத்தும் நிலை ஏற்படுமாயின் கூச்சம் தானாகவே அகலும்.

தெரியாதவை எவை?

பிறந்த நாள் முதல் பேசிய மொழியின் விதிகளை ஒருவர் விதிகளாக அறிந்திருப்பதில்லை. 'ஏன் அப்படி?' என்று மாணவர் கேட்டால், 'அப்படித்தான் சொல்வார்கள்' என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை அமைதிப்படுத்துவது, பின்தங்கிய பிள்ளையை இனங்காண்பது, தவணைக்குரிய பாடத்திட்டத்தை முடிப்பது ஆகியன அனுபவத்தாலும் பயிற்சியாலும் வருபவை. கேம்பிரிட்ஜின் 'செல்டா' எனப்படும் தொடக்கநிலைச் சான்றிதழுக்கே குறைந்தது 120 மணித்தியாலக் கற்கையும் 6 மணித்தியால மேற்பார்வைக் கற்பித்தலும் தேவை. அதில் சேர்வதற்கு 18 வயதும் நிரம்பியிருக்க வேண்டும்.

குறுகிய கால வருகையின் சுமையையும் பிள்ளைகளே தாங்குகின்றனர். மூன்று வாரங்கள் பாட்டும் விளையாட்டுமாகக் கழிகின்றன. தொண்டர் விமானமேறிய பின், விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டியவர் உள்ளூர் ஆசிரியரே. அடுத்த ஆண்டு வரும் வேறொருவர் மீண்டும் அதே நிறங்களின் பெயர்களையும் வாரத்தின் நாட்களையும் சொல்லிக் கொடுக்கின்றார்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. எமது மண்ணில் 'தொண்டர் ஆசிரியர்' என்ற சொல்லுக்குத் தனியான வரலாறு இருக்கின்றது. போர்க்காலத்தில் ஆசிரியர்கள் செல்லாத பாடசாலைகளில் ஊதியமின்றியோ சொற்பக் கொடுப்பனவுடனோ வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர்கள் அவர்கள். போர் முடிந்த பின்னரும் நிரந்தர நியமனம் கோரி அவர்கள் வீதியில் இறங்க வேண்டியிருந்தது. மலையகத்திலும் ஆசிரிய உதவியாளர்கள் மிகக் குறைந்த கொடுப்பனவுடன் பணியாற்ற வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இளையோரை அழைத்து மாலையிட்டு வகுப்பை ஒப்படைக்கும் அதிபர்கள், அதே ஊரில் காத்திருக்கும் தகுதியானவரை மறந்துவிடலாகாது. ஆங்கில ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பாமலிருப்பதற்கு விடுமுறைத் தொண்டர் ஒரு சாட்டாக அமைந்துவிட்டால், அத்தொண்டு அப்பாடசாலைக்குத் தீங்காகவே முடியும்.

சட்டமும் பாதுகாப்பும்

சுற்றுலா விசாவில் இலங்கைக்கு வருபவர் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ பணியாற்ற அனுமதி இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. இலங்கைக் குடியுரிமையோ இரட்டைக் குடியுரிமையோ உடையவர்களுக்கு இத்தடை கிடையாது. ஏனையோர் உரிய விசாவைப் பெற வேண்டும். அதிபரின் வாய்மொழிச் சம்மதத்துடன் நின்றுவிடாது, வலயக் கல்விப் பணிமனையின் எழுத்துமூல அனுமதியைப் பெறுவதே முறையாகும். வேறு நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோரும் அவ்வந்நாட்டு விதிகளை அறிந்துகொள்ள வேண்டும். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான விசாவுக்கும், 1987 முதல் ஜப்பான் நடத்தி வரும் 'ஜெட்' திட்டத்துக்கும் பட்டப்படிப்பு அவசியம்.

சிறுவர் பாதுகாப்பு இன்னும் பாரதூரமான விடயம். கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் வெளிநாட்டுத் தொண்டர்களையும் நன்கொடையையும் கவர்வதற்காக, பெற்றோர் உயிருடன் உள்ள பிள்ளைகளே அநாதை இல்லங்களில் சேர்க்கப்பட்டமை வெளிச்சத்துக்கு வந்தது. நவீன அடிமைத்தனம் பற்றி 2017 இல் அவுஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு வெளியிட்ட அறிக்கை இதனையும் சுட்டிக்காட்டியது. ஆகவே சிறுவர் இல்லங்களில் குறுகிய காலத் தொண்டைத் தவிர்ப்பதே நன்று. வருபவர் தாம் வாழும் நாட்டுப் பொலிஸாரின் நற்சான்றைக் கொண்டுவர வேண்டும், பிள்ளைகளுடன் தனித்திருத்தலாகாது, பெற்றோரின் சம்மதமின்றிப் படம் எடுத்து வெளியிடலாகாது. பதினெட்டு வயது நிரம்பாத தொண்டரும் சட்டத்தின் பார்வையில் சிறுவரே. அவரது பாதுகாப்புக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். முறைப்பாடுகளுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

பெருந்தொகைக் கட்டணம் பெற்றுத் தொண்டர்களை அனுப்பும் நிறுவனங்களும் உள்ளன. அத்தொகையில் பாடசாலைக்குச் செல்வது எவ்வளவு, பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன விதிகள் உள்ளன ஆகிய இரு கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் விலகிக்கொள்வதே அறிவுடைமை.

செய்யக்கூடியவை

முதலாவதாக, புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே அப்பாடசாலையின் ஆங்கில ஆசிரியருடன் தொடர்புகொள்ள வேண்டும். எப்போது வருவது, என்ன செய்வது என்பவற்றை அவரே தீர்மானிக்க வேண்டும். றமழான் காலத்தில் முஸ்லிம் பாடசாலைகள் மூடப்படுவதால், ஏனைய பாடசாலைகளுக்கும் அவற்றுக்கும் தவணை விடுமுறைகள் வேறுபடுகின்றன. இதை அறியாது வந்து பூட்டிய கதவைக் காண்பதில் பயனில்லை.

இரண்டாவதாக, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் ஆங்கிலப் பாடநூலை வரும் முன்னரே படித்துவிட வேண்டும். மாணவர் எழுதப்போகும் பரீட்சை அந்நூலை ஒட்டியதே.

மூன்றாவதாக, பாடத்தை ஆசிரியர் நடத்த, தொண்டர் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களுடன் அமர்ந்து உரையாடட்டும், வாசித்துக் காட்டட்டும், பிள்ளைகள் வாசிப்பதைப் பொறுமையுடன் கேட்கட்டும். எமது மாணவர்க்கு இலக்கணப் பயிற்சியை விட அரிதாகக் கிடைப்பது, தாம் பேசும் ஆங்கிலத்தைச் சிரிக்காமல் கேட்கும் ஒருவரே.

நான்காவதாக, ஒரு தவணை முழுவதும் தங்க முடியாதவர் வகுப்பறையை விட்டு, பொது நூலகத்திலோ பள்ளிவாசல், கோயில் மண்டபத்திலோ பெரியவர்களின் முன்னிலையில் விடுமுறை வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்தலாம். திரும்பிச் சென்ற பின்னரும், பெற்றோரும் ஆசிரியரும் அறிய வாரம் ஒருமுறை இணையவழி உரையாடலைத் தொடரலாம். மூன்று வார ஆரவாரத்தை விட ஓராண்டு காலம் தவறாது நடைபெறும் அரைமணி நேர உரையாடல் அதிக பயன் தரும்.

பாடசாலைச் சமூகத்துக்கும் பொறுப்பு உண்டு. வருபவரின் உச்சரிப்பைக் கேட்டு வியந்து, உள்ளூர் ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகளின் முன்னிலையில் தாழ்த்திவிடலாகாது. தொண்டர் சென்ற பின்னும் அப்பிள்ளைகளுடன் இருக்கப்போகின்றவர் அவ்வாசிரியரே.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை தன்னை ஆசிரியராக எண்ணிக் கொண்டதில்லை. ஆசிரியர் அருகில் இருந்தார் என்பதே அவனது பலம். கடல் கடந்து வரும் எமது பிள்ளைகளும் அந்த இடத்தை விரும்பி ஏற்பார்களாயின், அவர்கள் அறிந்த இரு மொழிகளும் இங்குள்ள பிள்ளைகளுக்கு உண்மையான உதவியாக அமையும். அவ்விடத்தை அவர்களுக்குக் காட்டிக் கொடுப்பது பெற்றோர், அதிபர்கள், கல்வி அதிகாரிகள் ஆகியோரின் கடமையாகும்.