நாடக உடை: வாங்குவதா, தைப்பதா, வாடகைக்குக் கொள்வதா?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. உலக வாழ்க்கையில் இஃது எத்துணை உண்மையாயினும் ஆகுக. நாடக மேடையில் இது முற்றிலும் உண்மையாம். திரை விலகியதும், நடிகன் வாய் திறக்குமுன்னரே, அவன் அரசனோ, ஆண்டியோ, தூதனோ, தோழனோ என்பதை அவையோர்க்கு அறிவிப்பது அவன் உடையேயாகும். இதுபற்றியே வடமொழி நாட்டிய நூலார் அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், ஸாத்விகம் என நால்வகைப்படுத்தி, உடையும் அணியும் ஒப்பனையுமாகிய ஆஹார்யத்தை அவற்றுள் ஒன்றாக வைத்தனர். கல்லூரி நாளோ விடுதி நாளோ அணுகுங்கால், நாடகமும் தேர்ந்து பாத்திரங்களும் பங்கிட்டான பின்பு மாணவரிடையே எழும் வினா, "உடைக்கு என் செய்வது?" என்பதே. விலைக்கு வாங்கலாம், நாமே தைத்துக்கொள்ளலாம், வாடகைக்கும் எடுக்கலாம். இம்மூன்றனுள் எது தக்கதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலே பிலிப் ஹென்ஸ்லோ என்னும் அரங்க உடைமையாளர் எழுதி வைத்த கணக்குப் புத்தகம் இன்றும் அழியாதிருக்கின்றது. 1603-ஆம் ஆண்டையொட்டி, தாமஸ் ஹேவுட் என்னும் ஆசிரியர்க்கு ஒரு நாடகம் முழுவதும் எழுதித் தந்தமைக்காக அவர் அளித்தது 6 பவுன். அதே நாடகத்திற்கென்று செய்வித்த கறுப்பு வெல்வெட்டு அங்கி ஒன்றுக்குச் செலவிட்டதோ 6 பவுன் 13 ஷில்லிங்! நாடகத்தினும் நாடக உடை விலையுயர்ந்து நின்றமை காண்க. எனினும் ஹென்ஸ்லோவை ஊதாரி என்று கூறுதல் பொருந்தாது. அக்காலத்து நடிகர் குழுவினர் நாள்தோறும் நடித்தனர். ஓர் அங்கி பல நாடகங்களுக்கும் பல நடிகர்க்கும் பயன்பட்டது. நம் நாட்டிலும், ஊரூராய்ச் சென்று மாதக்கணக்கில் தங்கி நடித்த பழைய நாடகக் கம்பெனிகள் தமக்கென உடைப்பெட்டிகளைச் சுமந்து திரிந்தமைக்குக் காரணம் இதுவே. தெருக்கூத்தர் தம் முடியையும் தோளணியையும் மார்புப் பதக்கத்தையும் இலேசான மரத்திற் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டித் தம்முடைமையாகவே வைத்துக் காப்பதும் இதுபற்றியே. நாள்தோறும் அணிவார்க்கு உடைமை வேண்டும். ஆண்டுக்கு ஓரிரவு அணிவார்க்கு அஃது எற்றுக்கு? இதுவே நாம் கொள்ளவேண்டிய முதல் அளவுகோலாகும்.

இனி வாடகையைப் பற்றிக் கூறுவாம். ஓரிரவுக்கு மட்டும் வேண்டியதும், நம்மாற் செய்தற்கு அரியதும், விலையோ மிக்கதும் ஆகிய பொருளை வாடகைக்குக் கொள்ளுதல் அறிவுடைமையே. போர்வீரரின் கவசம், பொய்முடி, சரிகை வேலை மிகுந்த ராஜவுடை முதலியன இவ்வகையின. பட்டமளிப்பு விழாவிலே ஒரு பகற்பொழுது அணியும் கறுப்பு அங்கியை மாணவர் வாடகைக்குக் கொள்வதும், ஆண்டுதோறும் அவ்விழாவிற்குச் செல்லும் ஆசிரியர் அதனைச் சொந்தமாகத் தைத்து வைத்திருப்பதும் இந்நியாயம் பற்றியனவே.

ஆயினும் வாடகையுடைக்குக் குறைகளும் உள. 1572-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் தாமஸ் ஜைல்ஸ் என்னும் வணிகர், அரசியாரின் கேளிக்கைக்குரிய உடைகளை அவற்றின் காவலரே வெளியார்க்கு வாடகைக்கு விடுகின்றார் என்று முறையிட்டார். அணிந்தோரின் வியர்வையாலும், கூட்ட நெரிசலாலும், தெருச் சேற்றாலும் அவ்வுடைகள் பொலிவிழந்து கெடுகின்றன என்பது அவர் கூற்று. அவரும் உடைகளை வாடகைக்கு விடுபவராதலின், அம்முறையீட்டிலே தொழிற்போட்டியும் கலந்திருந்தது; எனினும் அவர் கூறிய குறைகள் இன்றும் மாறவில்லை. வெல்வெட்டையும் சரிகையையும் நீரில் துவைத்தல் இயலாது. முன்னணிந்தவரின் வியர்வையோடு சிரங்கும், பொய்முடியின் வழியாகப் பேனும் தொற்றுதல் கூடும். சிரங்குப் பூச்சி மனிதவுடலை விட்டு நீங்கினால் பெரும்பாலும் 2, 3 நாளுக்குமேல் உயிர்வாழாதாதலின், உடையைச் சில நாள் முன்னரே பெற்று, தனியே கட்டி வைத்து, வெயிலில் உலர்த்தி, உள்ளே துவைத்த பருத்திச் சட்டையணிந்து அதன்மேல் உடுத்துதல் நலம்.

அளவுக் குறையோ இவற்றினும் பெரிது. யாம் மாணவராயிருந்த காலத்து விடுதி நாளில் ஒரு சரித்திர நாடகம் நடித்தோம். உடையனைத்தும் வாடகைக்கே பேசப்பட்டன. நாடகம் மாலை 6 மணிக்கு; பெட்டி வந்து சேர்ந்தது 5 மணிக்கு. திறந்து பார்த்தால், அரசனுக்கு வந்த அங்கி இருவர் புகத்தக்கது. எம் அரசரோ மெலிந்த மேனியர். ஊசிகளாற் குத்தி இறுக்கி ஒருவாறு மேடையேற்றினோம். மைந்தன் மாண்ட செய்தி கேட்டு அரசன் தலைகுனிந்து வருந்தும் காட்சியிலே, அவர் தலை குனிந்ததும் முடியானது மூக்குவரை இறங்கிற்று. அழவேண்டிய அவை ஆரவாரித்துச் சிரித்தது. மறுநாள், ஊசி குத்திய இடம் கிழிந்ததென்று முன்பணத்திலும் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது. இதில் உடை தந்தவர்மேற் குற்றமில்லை; அளவு கொடாமலும், முன்னதாகவே அணிந்து பாராமலும் இருந்த எம்முடையதே குற்றம். ஆதலின் வாடகைக்குக் கொள்வார், மார்பளவு, உயரம், தலைச்சுற்று ஆகியவற்றை எழுதிக் கொடுத்தலும், கடைசி ஒத்திகைக்கே உடையைத் தருவித்தலும், முன்னரே உள்ள கிழிசல்களை இருவரும் பார்த்துக் குறித்துக்கொள்ளுதலும் இன்றியமையாதன.

விலைக்கு வாங்குதலைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடையில் ஆயத்தமாக விற்கும் வேடவுடை பெரும்பாலும் பார்வைக்கு மினுக்கும், உழைப்புக்கு நில்லாது. அன்றியும் செயற்கை நூலால் ஆயவை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தீவட்டியோ விளக்கோ மேடைக்கு வருங்காட்சியில் அவற்றை விலக்குதல் நன்று. ஆனால் எந்நாடகத்திற்கும் பொருந்துவனவும் நெடுநாள் உழைப்பனவுமாகிய பொருள்களை வாங்கலாம். நல்ல இடைக்கச்சை, வெண்மையான பருத்தி வேட்டிகள், அகன்ற கரையுள்ள மேலாடைகள், இரண்டொரு வாள் முதலியவற்றை ஒருமுறை வாங்கினால் பத்தாண்டு பயன்படும்.

எஞ்சியது தைத்துக்கொள்ளுதல். இதுவே கல்லூரிக்கு மிகவும் ஏற்றதென்பது எம் துணிபு. "எமக்குத் தையல் தெரியாதே" எனச் சிலர் கூறலாம். மேடையுடைக்கு நுண்ணிய தையல் வேண்டா. 20 அடிக்கு அப்பாலிருப்பவர்க்கு நுணுக்கமான பூவேலை புலப்படாது. கையகலக் கரை ஒன்றே புலப்படும். காடாத் துணிக்குச் சாயமேற்றி, பழைய புடைவையின் சரிகைக் கரையைப் பிரித்தெடுத்து ஓரத்தில் வைத்துத் தைத்தால், விளக்கொளியில் அதுவே பட்டாடையாகத் தோன்றும். முடிக்கு அட்டையும் பொற்காகிதமும் போதும். அணிவோன் தலைச்சுற்றை நூலால் அளந்து வெட்டுக. தையலின் உள்ளே 2 அங்குலத் துணியை மடித்து விட்டும், பொத்தானுக்கு ஈடாக நாடா வைத்தும் தைப்பின், மெலிந்தவர்க்கும் பருத்தவர்க்கும் ஓரங்கியே உதவும். நிறந்தேர்வதில் மட்டும் விழிப்பு வேண்டும். மஞ்சள் ஒளியில் வெளிர்மஞ்சள் வெண்மையாகவும், நீலம் மங்கியும் காணும். செவ்வொளியில் பச்சைத் துணி கறுத்துவிடும். ஆகவே துணியை வெட்டுமுன் மேடை விளக்கின்கீழ்ப் பிடித்துப் பார்த்தல் வேண்டும்.

கணக்கும் இதற்குச் சான்றாகும். ஓரங்கி தைக்க 600 ரூபாயும், அதன் ஒருமுறை வாடகை 250 ரூபாயும் ஆகுமெனக் கொள்வோம். மூன்றாம் முறை அணியும்போதே தைத்தது இலாபமாகின்றது. ஆனால் தைப்பதற்கு ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும். காலங்கடந்து தொடங்குவார்க்குத் தையலும் உதவாது, வாடகையும் உதவாது. எளிய பாத்திரங்களுக்கோ இவ்வாராய்ச்சியே வேண்டா. ஔவைக்கு வெண்புடைவையும் திருநீறும் ஊன்றுகோலும் அமையும். உழவனுக்கு நம் வீட்டு வேட்டியே உடை.

எனினும் யாம் தையலைப் போற்றுவது பணக்கணக்குப் பற்றி மட்டுமன்று. முடி இறங்கிய நாடகத்திற்கு அடுத்த ஆண்டு, அவரவர் உடையின் வாடகையை அவரவரே தருவதென விதித்தோம். நேரிய ஏற்பாடென்றே எமக்குத் தோன்றிற்று. சேவகனுக்கு வாடகை குறைவு, அரசனுக்கு மிகுதி. தலைமைப் பாத்திரத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், குரல்வளமும் நினைவாற்றலும் மிக்க ஒரு மாணவர். இரண்டு நாள் கழித்து அவர், தொண்டை கட்டியிருக்கிறதென்று சொல்லி விலகிக்கொண்டார். வேறொருவர் அரசரானார். விலகியவரோ ஒத்திகைதோறும் பக்கத்திரையின்பின் நின்று, ஏட்டைப் பாராமலே வசனங்களை எடுத்துக்கொடுத்தார். கட்டிய தொண்டை அப்போது தெளிவாகவேயிருந்தது! அதனைக் கேட்டும் யாம் காரணத்தை உணர்ந்தோமில்லை. தேர்வு முடிந்து ஊருக்குப் புறப்படும் நாளிலேதான், அவர் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கையே தவணையிற் செலுத்தி வந்தமை எமக்குத் தெரிந்தது. அரசனாகத் தகுதியுடையவன் யாவன் என்பதை எம் நாடகத்தில் முடிவு செய்தது குரலுமன்று, நடிப்புமன்று, வாடகைச் சீட்டே.

இக்குறையைத் தீர்ப்பது பொதுவாகிய உடைப்பெட்டி ஒன்றே. ஆண்டுக்கு இரண்டு மூன்று உடையாகத் தைத்துச் சேர்ப்பினும், ஐந்தாண்டில் ஒரு நாடகத்திற்குப் போதியவை சேரும். ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு ஓர் ஏட்டிற் பதிந்து, துவைத்து உலர்த்தி, வேப்பிலைச் சருகோடு மடித்து வைத்து, ஆண்டுக்கு இருமுறை வெயில் காட்டிவரின் அவை நெடுங்காலம் நிற்கும். பெட்டியில் இல்லாத அரும்பொருளை மட்டும் வாடகைக்குக் கொள்க. அவ்வாடகையும் பொதுப்பணத்திலிருந்தே கொடுக்கப்படுக.

ஆகவே, ஒருமுறைக்கு வேண்டிய அரும்பொருளை வாடகைக்குக் கொள்க. பன்முறை உழைக்கும் பொதுப்பொருளை வாங்குக. ஏனைய எல்லாவற்றையும் கூடியிருந்து தைத்துக்கொள்க. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்றனர் முன்னோர். கந்தையைக் கசக்கித் தைத்துக் கரையிட்டால், அஃதும் அரசவுடையாகும்; அதனை அணியும் உரிமை நடிக்க வல்லார் அனைவர்க்கும் உண்டாகும். வருகின்ற கல்லூரி நாளுக்கு இன்னும் பல திங்கள் உள. ஊசியும் நூலும் எடுப்பதற்கு இதுவே தக்க காலம்.