இரயில் படப் போட்டிக்குப் புறப்படுமுன்

சிங்கப்பூரின் புக்கித் தீமா இரயில் நிலையத்தில் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் வரை ஒரு பழைய வழக்கம் இருந்தது. அங்கே இருந்தது ஒற்றைத் தண்டவாளம். ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் என்ன ஆகும்? அதைத் தடுக்க, பெரிய கம்பி வளையத்தில் ஒரு தோல்பையைக் கோத்து, அதற்குள் டோக்கன் ஒன்றை வைத்திருப்பார்கள். அந்த டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, அந்த ஓட்டுநர் மட்டுமே அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். நிலைய ஊழியர் வளையத்தை உயர்த்திப் பிடிப்பார். மெதுவாக நகரும் வண்டியிலிருந்து ஓட்டுநர் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். கண் இமைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அன்றிரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாள் வளையமும் இல்லை, வண்டியும் இல்லை. புக்கித் தீமா நிலையக் கட்டடமும் இரும்புப் பாலமும் இன்றும் இருக்கின்றன. அவற்றை யாரும் எப்போது வேண்டுமானாலும் படமெடுக்கலாம். ஆனால், வளையம் கைமாறும் அந்தக் காட்சி, அதற்கு முன்பே அங்கு சென்று படமெடுத்தவர்களிடம் மட்டுமே இருக்கிறது.

இரயில் நிழற்படப் போட்டியில் கலந்துகொள்ள விரும்பும் மாணவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான். எதைப் படமெடுப்பது? பலர் வண்டியின் முகப்பை மட்டும் எடுத்து அனுப்புவார்கள். அத்தகைய படங்களை நடுவர்கள் குவியல் குவியலாகப் பார்த்திருப்பார்கள். நம் நாட்டில் இதற்கு மேல் எவ்வளவோ உண்டு. மலாயாவின் முதல் இரயில் பாதை, 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். போர்ட் வெல்ட் இன்று கோல செப்பெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. கோலாலம்பூர் பழைய நிலையம் 1910இல் கட்டப்பட்டது. குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட அதனை வடிவமைத்தவர் ஹப்பேக். ஈப்போ நிலையமும் அவர் வடிவமைத்ததே. பேராக் ஆற்றின் மேல் விக்டோரியா பாலம் நிற்கிறது. கிம்மாஸிலிருந்து காடுகளின் ஊடே கிளந்தானின் தும்பாட் வரை ஒரு பாதை செல்கிறது. வண்டியே இல்லாமல்கூட நல்ல இரயில் படம் எடுக்கலாம்: தேய்ந்துபோன மர இருக்கை, பெட்டியின் மேல் தலைசாய்த்து உறங்கும் பயணி, சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும் ஊழியர். மனிதர்களை அருகில் நின்று எடுப்பதாக இருந்தால் அவர்களிடம் அனுமதி கேட்பதே மரியாதை.

ஓடும் வண்டியைத்தான் எடுப்பேன் என்பவர் சிறிது கணக்குப் போட வேண்டும். இ.டி.எஸ். மின்சார இரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும். அதாவது, ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர். கேமராவின் ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால், அதற்குள் வண்டி 65 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் வண்டி தெளிவின்றி மங்கலாகத் தெரியும். 1/1000 விநாடி என்றால் நகர்வது 4 சென்டிமீட்டர் மட்டுமே. ஓரளவு தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அது பெரிதாகத் தெரியாது. வேறொரு வழியும் உண்டு. ஷட்டரை மெதுவாக வைத்து, வண்டி செல்லும் திசையிலேயே கேமராவையும் சீராகத் திருப்பினால், வண்டி தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் பதியும். படத்தில் வேகம் தெரிவது இம்முறையில்தான். பத்து முறை முயன்றால் ஒன்று சரியாக வரலாம். கைப்பேசியிலும் இதைச் செய்யலாம்.

எங்கே நின்று எடுப்பது என்பது இதைவிட முக்கியம். தண்டவாளத்தில் நின்று எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பொறுப்புள்ள ஏற்பாட்டாளர்கள் அதை ஏற்க மாட்டார்கள். மின்சார இரயில் பழைய டீசல் வண்டியைப் போல் இரைச்சலிட்டு வருவதில்லை. கேமராவுக்குள் கண்ணை வைத்திருப்பவருக்கு அது அருகில் வந்தது தெரியாமலே போகலாம். தெரிந்தபின் ஓட்டுநர் பிரேக் போட்டாலும் வண்டி உடனே நிற்காது. மேலே செல்லும் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரம். அதைத் தொட வேண்டும் என்பதில்லை, அருகில் சென்றாலே மின்சாரம் பாயக்கூடும். ஆகவே செல்ஃபி குச்சிக்கும் நீண்ட கம்பிக்கும் அங்கே வேலையில்லை. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஃபிளாஷ் போடக் கூடாது. முக்காலி வைப்பதற்கு முன் நிலைய அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, விதிமுறைத் தாள். பரிசுத்தொகை எழுதிய வரியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடுபவர்களே அதிகம். வெற்றி பெற்ற படத்தை ஏற்பாட்டாளர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, எடுத்தவரின் பெயரைப் போடுவார்களா என்பவை சிறிய எழுத்தில்தான் இருக்கும். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோருடன் அமர்ந்து அதைப் படிக்க வேண்டும். படத்தில் எவ்வளவு திருத்தலாம் என்பதும் அங்கேதான் இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டுவது, ஓரத்தை வெட்டுவது ஆகியவை பெரும்பாலும் அனுமதிக்கப்படும். இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும்தான் சிக்கல்.

இந்தச் சிக்கல் புதிதன்று. அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க், 1955 முதல் 1960 வரை, மறைந்துகொண்டிருந்த நீராவி இரயில்களைப் பெரும்பாலும் இரவில் படமெடுத்தார். பகலில் சூரியன் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். இரவில் வெளிச்சம் முழுவதும் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்தது. 1956இல் மேற்கு வெர்ஜீனியாவில் அவர் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. காரில் அமர்ந்து திரைப்படம் பார்க்கும் ஓர் இணை, திரையில் பறக்கும் விமானம், அப்பால் புகை கக்கி ஓடும் இரயில். உண்மையில், அவருடைய ஃபிளாஷ் விளக்குகளின் ஒளியில் திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. விமானக் காட்சியைத் தனியாக எடுத்து, படத்தை அச்சிடும்போது அவர் சேர்த்துக்கொண்டார். இன்று, எதையும் சேர்க்கக் கூடாது என்னும் விதியுள்ள பிரிவுக்கு அதே படம் வந்தால் நடுவர்கள் என்ன செய்வார்கள்? நீக்கிவிடுவார்கள். கலைப்படப் பிரிவில் என்றால் அதுவே முதல் பரிசு பெறக்கூடும். எனவே, எந்தப் பிரிவு என்று பார்த்த பிறகே படத்தை அனுப்ப வேண்டும். திருத்தாத மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இறுதிச் சுற்றில் நடுவர்கள் அதைக் கேட்பதுண்டு.